காணி உறுதிகளை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர்: முன்மொழிவை எப்படி எழுதுவது?

வண்ணை எழுத்தர்:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு நொத்தாரிசு அலுவலகத்தை, அதாவது காணி கைமாறும் பத்திரங்களான உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் இடத்தை, களமாகக் கொண்டு தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எழுத முனைந்துள்ளேன். கதை மனத்தில் நன்றாக ஊறியிருக்கிறது. அதைத் தயாரிப்பாளர் ஒருவரிடம் கொண்டுசெல்வதற்கான முன்மொழிவுதான் கைக்கு அடங்காமல் வளர்ந்துகொண்டே போகிறது; இப்போதே முப்பது பக்கங்களைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுவழிச் சொத்துரிமையைக் கூறும் தேசவழமைச் சட்டம் ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில் எழுத்துருப் பெற்ற வரலாற்றில் தொடங்கி, சீதனம், முதுசொம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) ஆகியவற்றை விளக்கி, அதன் பிறகே, போரால் யாழ்ப்பாண மக்கள் ஊரை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வை முதற் காட்சியாக வைத்துக் கதைக்குள் நுழைகிறேன். நோயில் விழுந்த தந்தையின் அலுவலகத்தைப் பொறுப்பேற்கும் ஓர் இளம் பெண் சட்டத்தரணியே கதையின் தலைவி. ஒருவரிக் கதையை இப்படி எழுதியுள்ளேன்: “போருக்குப் பின்னான யாழ்ப்பாணத்தில் நிலம், நினைவு, நீதி ஆகியவற்றைத் தேடிச் செல்லும் ஒரு பெண்ணின் பயணம்.”

இத்துறையில் இருப்பவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான். முன்மொழிவு எத்தனை பக்கங்கள் இருக்க வேண்டும், எதிலிருந்து தொடங்க வேண்டும், தொடரின் முடிவை அதில் சொல்லலாமா, எந்த மொழியில் எழுத வேண்டும்? கதையை எவரேனும் எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற கவலையும் இருக்கிறது.

நிகழ்ச்சி மேசை, கொழும்பு:

தம்பி, தமிழ் அலைவரிசை ஒன்றின் நிகழ்ச்சிப் பிரிவில் இருந்து இத்தகைய முன்மொழிவுகளை வாசித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுடைய களம் மிக நல்லது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒருவரிக் கதையில் அந்தக் களமே இல்லை. நிலம், நினைவு, நீதி என்ற மூன்று சொற்களை எந்தக் கதைக்கும் முன்னால் வைத்துவிடலாம். நொத்தாரிசு அலுவலகம் என்ற சொல்லை உங்கள் கதைக்கு முன்னால் மட்டுமே வைக்க முடியும். அதை எதற்காக விட்டீர்கள்?

முன்மொழிவை வாசிப்பவர் முதலில் தேடுவது கதையின் அழகை அன்று. முதல் எபிசோடில் நடப்பது சுவையாக இருக்கிறது, சரி. எட்டாவது எபிசோடில் என்ன நடக்கும், இரண்டாவது சீசன் என்று ஒன்று வந்தால் அதில் என்ன நடக்கும் என்பதே அவருடைய கேள்வி. என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டரை மணிநேரத் திரைப்படக் கதையை நீட்டி எட்டாக வெட்டியவை. ஒரு மரணம், ஒரு தேடல், ஒரு விடை. விடை கிடைத்ததும் எல்லாம் தீர்ந்துவிடும். இடையில் இருக்கும் எபிசோடுகளில் மனிதர்கள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், நாம் ஏற்கெனவே அறிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் நொத்தாரிசு அலுவலகத்தின் கதவைத் திறந்து யாரோ ஒருவர் நாள்தோறும் உள்ளே வருவார். வருகிறவர் தம் கையில் ஒரு காணியையும் அதைப் பற்றிய ஒரு மனத்தாங்கலையும் சேர்த்தே கொண்டுவருவார். இதுதான் நீங்கள் விற்கப்போகும் பொருள். ஆகவே தேசவழமையின் வரலாற்றை எடுத்துவிட்டு, அந்தக் கதவு திறப்பதிலிருந்து தொடங்குங்கள். வரலாறு தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்பதை வாசிப்பவர் எபிசோடுகளிலிருந்தே உணர்ந்துகொள்வார்.

நீளத்தைப் பொறுத்தவரை, முதற் சந்திப்புக்கு ஒரு பக்கம் போதும். அதைப் பார்த்துவிட்டு மேலும் கேட்டால் கொடுப்பதற்குப் பத்துப் பக்கங்களை ஒட்டிய ஆவணம் ஒன்று, அதற்குப் பின் முதல் எபிசோடின் முழுத் திரைக்கதை. சீரிஸ் பைபிள் என்று சொல்லப்படும் பெரிய ஆவணம், அதாவது எல்லாப் பாத்திரங்களின் பின்கதையும் எல்லா எபிசோடுகளின் காட்சி ஒழுங்கும் அடங்கியது, விற்பனைக்குப் பிறகு எழுத்தாளர் குழுவுக்குப் பயன்படுவது. உங்களிடம் இருக்கும் முப்பது பக்கங்களை அழித்துவிடாதீர்கள். அது பைபிளின் தொடக்கம்.

ஸ்காபுறோ வாசகி:

எனக்குத் திரைத்துறை தெரியாது. ஆனால் கதவைத் திறந்து வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கே கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களாக இருப்பார்கள் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். தமக்காகச் செயற்படும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புவது, அதை யாருடைய பெயரில் எழுதுவது, எழுதிய பிறகு அந்த உறவினரோடு பேச்சுவார்த்தை நின்றுபோவது, இவையெல்லாம் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. தாய் மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதும்போது தன் சீவிய உரித்தை, அதாவது தான் இருக்குமட்டும் அங்கே வாழும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவார். மகள் கனடாவில் வீடு வாங்குவதற்கு அந்த வீட்டை விற்க விரும்புவாள். தாய் அங்கேயே இருந்து சாக விரும்புவார். இருவர் பக்கத்திலும் பிழை இல்லை. இது ஒரு எபிசோடாக வருமா, ஐயா?

நிகழ்ச்சி மேசை, கொழும்பு:

கட்டாயம் வரும், தங்கச்சி. இருவர் பக்கத்திலும் பிழை இல்லை என்று நீங்கள் எழுதியதை எழுத்தாளர் தம் மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளலாம். எபிசோடுகளின் சுருக்கத்தை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரிகள் போதும்: யார் வருகிறார், என்ன கேட்கிறார், அதைக் கொடுத்தால் யார் இழப்பார், தலைவி எதைத் தெரிவுசெய்கிறாள்.

சுண்டுக்குளிச் சட்டத்தரணி:

கதை எடுத்துக்கொள்ளப்படுமோ என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் எண்ணத்துக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை. அந்த எண்ணம் எழுத்தில் பெற்ற வடிவத்துக்கே அளிக்கிறது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்குரியது, அதற்குப் பதிவு தேவையில்லை, உங்கள் ஆயுட்காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள் வரை அது நிலைக்கும். எண்ணத்துக்கன்று, வடிவத்துக்கே பாதுகாப்பு என்பதுதான் இந்தியாவிலும் கோட்பாடு. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இடையே எழுந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியது. ஆகவே “நொத்தாரிசு அலுவலகத்தில் ஒரு தொடர்” என்ற ஒரு வரி எவருக்கும் சொந்தமன்று. பாத்திரங்களும் அவர்களுக்கிடையிலான உறவுகளும் எபிசோடுகளின் நிகழ்ச்சித் தொடர்ச்சியும் எழுத்தில் எவ்வளவு திட்டவட்டமாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு உங்கள் கை வலுக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. தொலைக்காட்சித் தொடருக்கான கருத்துரு ஒன்றை நம்பிக்கையின் பேரில் ஓர் அலைவரிசையிடம் கொடுத்தவர்கள், பின்னர் அதையொத்த தொடர் வந்தபோது தொடுத்த வழக்கில், 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இரகசியம் மீறப்பட்டதை ஏற்றுத் தடையுத்தரவை நிலைநிறுத்தியது. அங்கே அவர்களுக்கு உதவியது எழுத்திலான ஆவணமும், அதை எப்போது, யாரிடம் கொடுத்தோம் என்பதற்கான பதிவும் ஆகும். இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் உடன்படமாட்டா. சந்திப்புக்கு மறுநாள், “நேற்றுப் பேசியபடி இன்ன தலைப்பிலான முன்மொழிவின் இன்ன பதிப்பை இணைத்துள்ளேன், இது தங்கள் பரிசீலனைக்கு மட்டுமே உரியது” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைப்பதற்கு எவருடைய உடன்பாடும் தேவையில்லை.

அடுத்து, தொழில்முறையில் ஒரு வேண்டுகோள். உண்மையான உறுதிகளிலிருந்து கதை எடுக்காதீர்கள். இந்த ஊரில் காணியின் பெயரையும் எல்லைக்காரரையும் சொன்னாலே குடும்பம் தெரிந்துவிடும். தகராறின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊரையும் உறவையும் காலத்தையும் மாற்றுங்கள். இதை முன்மொழிவிலேயே ஒரு வரியில் எழுதிவிட்டால், தயாரிப்பாளரின் சட்ட ஆலோசகருக்கு எழக்கூடிய முதல் ஐயம் தீர்ந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு செல்வம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி கைமாறும் உறுதி ஒரு நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிடப்பட வேண்டும். பல அலுவலகங்களில் இந்தச் சாட்சிகள் வழக்கமாக வந்துபோகும் முதியவர்கள். ஊரில் யார் எதை யாருக்கு எழுதினார் என்பதை அவர்கள் அறிவார்கள். எவரும் அவர்களிடம் கேட்பதில்லை. உங்கள் முன்மொழிவில் சாட்சிக்காரர் என்று ஒருவர்கூட இல்லையே, தம்பி?

கோண்டாவில் தொகுப்பாளர்:

அக்கா சொன்ன சாட்சிக்காரர்தான் இந்தத் தொடரின் உயிர் என்று நினைக்கிறேன். தொகுப்பு மேசையில் இருந்து பார்ப்பவனுக்கு முதலில் தோன்றுவது, ஒவ்வொரு எபிசோடிலும் தவறாமல் வரக்கூடிய முகங்கள் எவை என்பதுதான். வாடிக்கையாளர்கள் வந்து போய்விடுவார்கள். தலைவி, எழுதுவினைஞர், இரண்டு சாட்சிக்காரர், மேல்மாடியில் படுக்கையில் இருக்கும் தந்தை, இந்த ஐவரும் இருப்பார்கள். பாத்திரப் பகுதியில் இவர்களுடைய வயதையும் தோற்றத்தையும் அடுக்குவதைக் காட்டிலும், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், அதை அடைய விடாமல் தடுப்பவர் இந்த ஐவரில் யார் என்று எழுதுங்கள். அந்தத் தடை அலுவலகத்துக்கு உள்ளேயே இருந்தால் தொடர் நிற்கும்.

செலவும் இதோடு சேர்ந்தது. பெரும்பகுதி ஓர் அலுவலகத்துக்குள் நடக்கிறது என்பதை முன்மொழிவின் முதற்பக்கத்திலேயே சொல்லுங்கள். ஒரே படப்பிடிப்புத் தளம், குறைந்த இரவுக் காட்சிகள், எபிசோடுக்கு இரண்டு மூன்று வெளிப்புற இடங்கள். தயாரிப்பாளர் வாசிக்கும்போதே மனத்துக்குள் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டினால் அவர் கதைக்குக் காது கொடுப்பார். முதற் காட்சியாக 1995 ஒக்டோபர் இடப்பெயர்வை வைத்திருக்கிறீர்கள். செம்மணி வீதியில் ஆயிரக்கணக்கான மக்கள் மழையில் நடப்பதைக் காட்டி அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால், பார்ப்பவருக்கு அலுவலகம் சிறுத்துப் போகும், தயாரிப்பாளர் முதற் பக்கத்திலேயே அஞ்சிவிடுவார்.

வண்ணை எழுத்தர்:

இடப்பெயர்வை எடுத்துவிட என் மனம் ஒப்பவில்லை. உறுதிகள் தொலைந்ததும் எரிந்ததும் கைமாறியதும் அந்த நாட்களில்தான். அது இல்லாமல் இந்தத் தொடரை வேறு எந்த ஊரிலும் எடுத்துவிடலாம்.

நிகழ்ச்சி மேசை, கொழும்பு:

எடுக்க வேண்டாம், தம்பி. தொகுப்பாளர் சொல்வது காட்சியை. நீங்கள் சொல்வது காரணத்தை. இடப்பெயர்வை ஒரு உறுதியின் தேதியாக வையுங்கள். 1995 ஒக்டோபர் 29 என்ற தேதியை உறுதியின் தலைப்பில் கண்டதும், இந்த ஊரார் எவருக்கும் அதற்கு அடுத்த நாள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூராருக்குத் தலைவி கேட்டு அறியும்போது தெரியவரட்டும். ஊரே வெளியேறுவதற்கு முதல் நாள் இவ்வளவு அவசரமாக யார் யாருக்குக் காணி எழுதினார்கள்? ஒரு சீசன் முழுவதையும் தாங்கக்கூடிய கேள்வி அது.

சுண்டுக்குளிச் சட்டத்தரணி:

அதற்கு உதவியாக நடைமுறையைச் சொல்கிறேன். உறுதியின் மூலம் காணிக்காரரிடம் போகும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், இன்னொரு பிரதி நொத்தாரிசின் ஆவணக் கோவையில் தங்கும். மூலம் தொலைந்தாலும் மற்ற இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாமல் போனால் அங்கே கதை பிறக்கும். ஒரு காணியைப் பத்து ஆண்டுகள் இடையறாது தம் ஆட்சியில் வைத்திருந்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்ற பொதுவிதியும், போர்க்கால இடம்பெயர்வால் தம் உரிமையைக் கோர இயலாமற் போனவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும் 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டமும் ஒன்றோடொன்று மோதும் இடம் இன்னொரு எபிசோட். ஆனால் இவற்றை முன்மொழிவில் சட்ட மொழியில் எழுதாதீர்கள். “இருபது ஆண்டுகளாக வீட்டைக் காத்தவருக்கும், இருபது ஆண்டுகளாகத் திரும்ப முடியாமல் இருந்தவருக்கும் இடையில் ஒரு வழக்கு” என்றால் எவருக்கும் விளங்கும்.

வண்ணை எழுத்தர்:

எல்லாவற்றையும் வைத்து ஒருவரிக் கதையை மீண்டும் எழுதியிருக்கிறேன். “தந்தை நோயில் விழுந்த பின் அவருடைய நொத்தாரிசு அலுவலகத்தைப் பொறுப்பேற்கும் இளம் சட்டத்தரணி, நாள்தோறும் மற்றவர்களின் காணிகளுக்கு உறுதி எழுதிவருகையில், 1995 ஒக்டோபர் 29ஆம் திகதி தந்தை முடித்த ஓர் உறுதியால், தான் வளர்ந்த வீடே இன்னொரு குடும்பத்துக்குரியதாக இருக்கலாம் என்று கண்டறிகிறாள், அதில் கையொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவர் இன்றும் அவளுடைய அலுவலக வாங்கிலில் வந்து அமர்கிறார்.”

அந்த உறுதி வேறிருவருக்கு இடையில் எழுதப்பட்டது. தந்தை பல ஆண்டுகளுக்குப் பிறகு வாங்கியவரிடமிருந்து அந்த வீட்டைத் தாம் வாங்கினார். எபிசோடுகளாகச் சீவிய உரித்து, பங்குக் கிணறு, இரவில் அரையடி நகர்ந்த வேலிக் கதியால், பங்காளிக்கு அறிவிக்காமல் விற்ற காணி, அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை வைத்துள்ளேன். ஒவ்வொன்றிலும் சாட்சிக்காரர் ஒரு சிறிய உண்மையைச் சொல்வார். தலைவி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்குவாள். அந்த நம்பிக்கை வளர வளர அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது அவளுக்குக் கடினமாகும்.

கோண்டாவில் தொகுப்பாளர்:

இதை வாசித்ததும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. முன்பு எழுதிய வரியை வாசித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆவணத்தின் தோற்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் படைப்பாளிகள் முதலில் ‘மொன்டோக்’ என்ற தலைப்பில் அதை முன்மொழிந்தபோது, கைபட்டுத் தேய்ந்த பழைய மலிவுப் பதிப்பு நாவல் ஒன்றைப் போல முன்மொழிவுப் புத்தகத்தை வடிவமைத்தார்கள். பல நிறுவனங்கள் அதை மறுத்தன. பின்னர் தலைப்பும் கதை நடக்கும் ஊரும் மாறின. இருந்தும் அந்த வடிவம் தொடரின் தொனியை ஒரு பார்வையில் சொல்லிவிட்டது. உங்கள் ஆவணத்தின் கடைசிப் பக்கத்தை உறுதியின் அட்டவணை போல அமைக்கலாம்: கிழக்கே இன்னது, வடக்கே இன்னது என்று நான்கு எல்லைகளையும் சொல்லி அந்த அலுவலகத்தை விவரித்தால், வாசிப்பவர் அந்த உலகத்துக்குள் நின்றுவிடுவார்.

நிகழ்ச்சி மேசை, கொழும்பு:

ஒரு பக்கத்துக்கு அழகு. அதற்கு மேல் வேண்டாம். முத்திரைகளும் பழுப்பு நிறத் தாள்களும் எல்லாப் பக்கங்களிலும் வந்தால் எழுத்தை வாசிக்க இயலாது. வெள்ளைத் தாளில் கரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம்.

முடிவைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த உறுதியில் கையொப்பமிட்டவர் உண்மையில் யார், சாட்சி எதற்காக மௌனமாக இருந்தார், தலைவி வீட்டை வைத்துக்கொள்கிறாளா கொடுக்கிறாளா என்பவற்றை மறைத்துவைத்து, “இதைத் திரையில் காண்க” என்று எழுதியவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசிப்பவர் பார்வையாளர் அல்லர், பணத்தை இடப்போகிறவர். எழுத்தாளருக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் அவர் எண்ணிக்கொள்வார்.

மொழியைப் பற்றி என் கருத்து வேறு. கொழும்பில் முடிவெடுக்கும் மேசையில் இருப்பவர்களில் பலர் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள். அனுசரணையாளரின் விளம்பரப் பிரிவும் அப்படியே. ஆகவே முதற் பக்கத்தை ஆங்கிலத்திலும் தயாராக வைத்திருங்கள். மற்றவை தமிழில் இருக்கட்டும். சென்னையிலுள்ள தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புவதானால், யாழ்ப்பாணப் பேச்சு அங்குள்ள பார்வையாளருக்கு விளங்குமா என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு விளக்கம் எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மிகாத ஒரு காட்சியை உள்ளபடியே எழுதிச் சேருங்கள்.

ஸ்காபுறோ வாசகி:

அந்தக் காட்சியில் பேச்சு சரியாக இருக்க வேண்டும் என்று மிகத் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ஓ’ சேர்த்தால் ஈழத்தமிழ் ஆகிவிடும் என்று எண்ணி எழுதப்பட்ட வசனங்களைக் கேட்டு நாங்கள் களைத்துவிட்டோம். இங்கே பிறந்த என் பிள்ளைகள் அம்மம்மாவின் பேச்சைத் திரையில் ஒருமுறையாவது உள்ளபடி கேட்க வேண்டும்.

வண்ணை எழுத்தர்:

அக்கா, மாதிரிக் காட்சியின் தொடக்கத்தை இங்கே இடுகிறேன். பேச்சில் குறை கண்டால் சொல்லுங்கள். மகளுக்கு வீட்டை எழுத வந்த மூதாட்டி, பேனாவைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைக்கிறார்.

“ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை. எனக்கு எழுத்துத் தெரியாது.”

“வாசிச்சனான் தானே, அம்மா. இரண்டு தரம்.”

“நான் இருக்குமட்டும் இருக்கலாம் எண்ட இடத்தை மட்டும் வாசியுங்கோ.”

சுண்டுக்குளிச் சட்டத்தரணி:

எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியைச் சாட்சிகளின் முன்னிலையில் வாசித்து விளக்கியதாக நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்த வேண்டும். அந்தக் கடமையிலிருந்தே காட்சி பிறந்திருக்கிறது. சாட்சிக்காரர் இருவரும் அந்த அறையில் இருக்கிறார்கள் என்பதை ஒரு வரியில் காட்டிவிடுங்கள்.

ஸ்காபுறோ வாசகி:

இதில் குறை இல்லை, தம்பி. “எண்ட” என்று எழுதியதற்கு நன்றி.

கோண்டாவில் தொகுப்பாளர்:

எங்கே கொண்டுசெல்வது என்பதையும் பேசிவிடுவோம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தாம் கேட்காத முன்மொழிவுகளை நேரடியாக ஏற்பதில்லை. முகவர் அல்லது ஏற்கெனவே தொடர்புள்ள தயாரிப்பாளர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே முதலில் தேட வேண்டியது ஒரு தயாரிப்பாளரை. 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவுக்கு வெளியிலிருந்து வரும் திரைத்துறையினரோடு பேசலாம்; ஒரு பக்கத்தைக் கையில் வைத்திருங்கள். அந்த மாதிரிக் காட்சியை இங்குள்ள குறும்படக் கலைஞர்களோடு சேர்ந்து மூன்று நிமிடக் காணொளியாக எடுத்தால், பேச்சு விளங்குமா என்ற கேள்விக்கு அதுவே பதில். படப்பிடிப்புக்கு என்னுடைய உதவி உண்டு, தொகுப்பும் நானே செய்து தருகிறேன்.

நிகழ்ச்சி மேசை, கொழும்பு:

அனுப்புவதற்கு முன் கோப்பைச் சரிபாருங்கள். நம்மவர்களில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் எழுதி வேர்ட் கோப்பாக அனுப்புகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். யுனிகோடில் எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றி, கோப்பின் பெயரில் தலைப்பையும் திகதியையும் இட்டு அனுப்புங்கள். ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் இங்கே இடாமல் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், தம்பி. சட்டத்தரணி சொன்னபடி, யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்ற பதிவு உங்களிடம் இருக்கட்டும்.

வண்ணை எழுத்தர்:

நன்றி, ஐயா. முதலில் முடிவை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு அந்த ஒரு பக்கத்தை எழுதுகிறேன். சாட்சிக்காரர் எதற்காக மௌனமாக இருந்தார் என்பதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் தனிமடலில் அனுப்புகிறேன். எது தாங்கும் என்று சட்டத்தரணி அக்காவும் பார்த்துச் சொல்ல வேண்டும்.